தொட்டியம்மா

கடல் எந்தப் பக்கம் என்று செவக்காட்டூரில் போய்க் கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டுவார்கள். மீன்காரன் வண்டி வருகிற பக்கம்தான் கடல் என்பார் ஒருத்தர், மேகம் ஏமாற்றிவிட்டுப் போகிற பக்கம்தான் கடல் என்பார் இன்னொருத்தர். அப்படிப்பட்ட ஊரில், தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்புறத் தெருவில், ஓட்டு வீட்டின் பின்னறையில், உலகம்மாள் கண்ணாடித் தொட்டிக்குள் கடல் தண்ணீரை நிரப்பி, அதற்கு மேலே நீல லைட்டைத் தொங்கவிட்டு, உள்ளே அலை அடிக்க மோட்டார் வைத்து, உள்ளங்கை அகலக் கல் ஒன்றில் ஒட்டிக்கொண்டிருந்த பவளத்தைப் பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்துப் பார்த்து வளர்த்தாள்.

அதைக் கொண்டுவந்தவன் அவள் புருசன் சீனிராஜ். மெட்ராசில் கலர் மீன் கடையில் வேலை பார்த்தவன், கடையை மூடியபோது முதலாளி கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டான். "நம்ம பக்கத்துக் கடல்ல இருந்து ஒரு விரல் நீளம் எடுத்தாலும் கம்பி எண்ணணும். இது அப்படியில்ல, எங்கேயோ வெளிநாட்டுத் தொட்டியில பிறந்து தொட்டியிலேயே வளர்ந்தது. வெட்டி வெட்டி வித்தா நம்ம சஷ்டிகா படிப்புக்கு ஆகும்" என்றான். சஷ்டிகா அவர்களுக்கு ஒரே மகள். அப்போது இரண்டாம் வகுப்பு.

சட்டைப் பொத்தானை வரிசையாகத் தைத்து வைத்ததுபோல இருக்கும் அந்தப் பவளம். லைட்டைப் போட்டால் ஒவ்வொரு பொத்தானும் கண்ணிமை திறப்பது மாதிரி திறக்கும், ஓரத்தில் பச்சைச் சரிகை, நடுவில் குங்குமச் சிவப்பு. நிழல் விழுந்தால் பொசுக்கென்று மூடிக்கொள்ளும். தெருவே வந்து பார்த்தது. எதிர் வீட்டுக் குருவம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏத்தா உலகம்மா, இதைக் கறி வைக்கலாமா?"

"கறிக்கு இல்ல மதினி. விக்கிறதுக்கு."

"தின்னவும் முடியாது, தலையில வைக்கவும் முடியாதுங்கிற. யாரு வாங்குவா?"

"டாக்டர்மாரு, நகைக்கடைக்காரங்க. வீட்டுல வச்சுப் பாத்துக்கிட்டே இருப்பாங்களாம். பாத்தா மனசு லேசாகுமாம்."

"நம்மளுக்கு ஊசி போட்டுட்டு அவுகளுக்கு இது வேண்டியிருக்கா" என்று சொல்லிவிட்டு, குருவம்மா தானும் கொஞ்ச நேரம் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

இந்தத் தொழிலில் தாய்க்கல்லை விற்க மாட்டார்கள். தாய்க்கல்லில் இருந்து நாலு பொத்தானோடு ஒரு துண்டை பிளேடால் கீறியெடுத்து, சிமெண்ட் வில்லையில் பசை வைத்து ஒட்டி, காயம் ஆறும்வரை ஓரமாக வைத்திருந்து, பிறகுதான் விற்பது. துண்டு அங்கே போய் வளரும், தாய் இங்கேயே இருந்து வளரும். வெட்டும்போது கையில் உறை மாட்டியே ஆக வேண்டும், அதன் கோழையில் விசம் இருக்கிறது என்று சீனிராஜ் தலையில் அடித்துச் சொல்லியிருந்தான்.

ஆனால் உலகம்மாள் விவரம் தெரிந்த நாளிலிருந்து தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவள். அவளுக்குப் பார்வை விரல் நுனியில் இருந்தது. உறை மாட்டினால் விரலுக்குக் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கும். சீனிராஜ் கடல் தண்ணீர் கேன் எடுக்க வேன் ஸ்டாண்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், உறையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு வெறுங்கையால் தாய்க்கல்லைப் பிடித்துக் கீறினாள். பிளேடு வழுக்கியது. பெருவிரலில் இருந்து ரத்தம் இழை இழையாகத் தண்ணீரில் இறங்கியது. நிழல் பட்டாலே மூடிக்கொள்கிற பொத்தான்கள் அன்றைக்கு மூடவில்லை, இருந்த அகலத்தை விட அகலமாகத் திறந்து, இழையை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டன. அவள் பார்த்தாள். வெட்டின வேலை பாதியில் நிற்கக் கூடாதே என்று நாலு துண்டையும் வில்லையில் ஒட்டிவிட்டுத்தான் கையைக் கழுவினாள்.

அதற்கப்புறம் காய்ச்சல். நாக்கில் ஆணியைச் சப்பின ருசி, உடம்பெல்லாம் மரத்துப்போய், பெரியாஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். வந்தவளுக்கு ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. நாலு சுற்று இளைத்திருந்தாள். அந்த நாலு துண்டோ பெருத்துக் கொழுத்து வில்லை தெரியாமல் வளர்ந்திருந்தன. சீனிராஜ் அவற்றைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்து பஸ்ஸில் ஏற்றி அனுப்பினான். ஒன்று மதுரை நகைக்கடைக்காரர் வீட்டுக்கு, ஒன்று திருநெல்வேலிப் பல் டாக்டருக்கு, ஒன்று சிவகாசி அச்சாபீஸ் முதலாளிக்கு, ஒன்று திருச்சியில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருக்கு.

மதுரை பஸ்ஸில் இருந்துதான் முதல் ஆள் இறங்கினாள். துண்டு வெட்டின அன்றைக்கு உலகம்மாள் கட்டியிருந்த அதே மாம்பழக் கலர் சேலை, தலை ஈரம், காது மடலில் உப்பு பூத்திருந்தது. தெருவில் நடந்து வந்தாள், வாசலில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து ஓரமாகச் சாத்தினாள், உள்ளே எட்டிப் பார்த்து உலகம்மாளிடம், "தண்ணி பிடிச்சாச்சா?" என்று கேட்டாள்.

உலகம்மாள் அந்த முகத்தைப் பார்த்தாள். கண்ணாடியில் பார்க்கிற முகம் இடம் வலம் மாறித்தான் தெரியும். இதுவோ பிறத்தியார் பார்க்கிற அவள் முகம்.

"இன்னும் இல்ல" என்றாள்.

"சரி, நான் போறேன்" என்று குடத்தை எடுத்துக்கொண்டு அவள் குழாயடிக்குப் போனாள். குழாயடியில் வரிசை பிசகவில்லை. "உனக்கு முன்னாடி செல்லத்தாயி" என்று சொன்னார்கள், அவ்வளவுதான்.

பிறகு திருநெல்வேலி பஸ்ஸில் ஒருத்தி, சிவகாசி பஸ்ஸில் ஒருத்தி, திருச்சியில் இருந்து இரண்டு பஸ் மாறி ஒருத்தி. எல்லாருக்கும் துண்டு வெட்டின மத்தியானம் வரைக்கும் எல்லாம் ஞாபகம் இருந்தது, கல்யாணம், பேறுகாலம், சஷ்டிகாவுக்கு அம்மை போட்டது, எல்லாம். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. நீல வெளிச்சம், பிறகு பஸ் ஸ்டாண்டு. டவுன் பஸ் கண்டக்டர், "உலகம்மாக்கா, போன ட்ரிப்புலதானே இறக்கிவிட்டேன், சீட்டு எடுத்தியா இல்லையா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

தெருவுக்கு இது பழகிப்போக அதிக நாள் ஆகவில்லை. பொங்கலுக்கு வரி பிரிக்க வந்த ஊர்க்கூட்டத்தில்தான் முதல் பேச்சு வந்தது. கோயில் வரி தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு புருசன் ஒரு அடுப்புக்கு ஒரு வரி. இங்கே புருசன் ஒன்று, அடுப்பு ஒன்று, பெண்டாட்டி அஞ்சு. கூட்டி வைத்துப் பேசி, உலகம்மா என்றால் உலகம்மாதான், எத்தனை இருந்தாலும் ஒரே தலைக்கட்டு என்று முடிவு சொன்னார்கள். ரேசன் கடையில் அந்தச் சங்கடமும் வரவில்லை. மெசினில் அஞ்சு பேரில் யார் பெருவிரலை வைத்தாலும், இந்த மாதம் அரிசி வாங்கியாச்சு என்று அது சொல்லிவிடும். தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளைக்கு ஆள் தட்டுப்பாடு, நாலு பேரையும் வரிசையாக உட்காரவைத்தார். குருவம்மா, மகன் திருப்பூருக்குப் போனதால் பூட்டிக் கிடந்த வீட்டை நாலு பேருக்கும் திறந்துவிட்டாள். சீனிராஜ் பாடுதான் கஷ்டம். "ஏ புள்ள" என்று கூப்பிட்டால் அஞ்சு பேரும் திரும்பினார்கள். அவன் கூப்பிடுவதையே விட்டுவிட்டு, வேன் ஸ்டாண்டில் படுத்துக்கொண்டான்.

"குடுத்து வச்சவன்டா நீ" என்று கேலி செய்தார்கள்.

"அண்ணே, ஒருத்தி கோவிச்சுக்கிட்டா சமாதானம் பண்ணலாம். இங்க நான் யாருகிட்ட என்ன சொன்னேன்னு எனக்கே தெரியல" என்றான் அவன்.

சஷ்டிகா மட்டும் ஒரு நாளும் குழம்பவில்லை. மதுரை மாமா, கோயம்புத்தூர் சித்தி என்று ஊரை வைத்துச் சொந்தத்தைக் கூப்பிடுகிற பிள்ளை அது. மதுரையம்மா, நெல்லையம்மா, சிவகாசியம்மா, திருச்சியம்மா என்று பேர் வைத்துவிட்டது, பின்னால் இருந்து நடையைப் பார்த்தே சொல்லிவிடும். உலகம்மாள் ஒரு நாள் தொட்டித் தண்ணீரைத் துழாவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நான் யாருடி?"

"நீ தொட்டியம்மா" என்றது பிள்ளை.

சோற்றில் கல் கடித்தது போல இருந்தது உலகம்மாளுக்கு. இன்னொரு தரம் கேட்டால் வேறு பேர் வருமோ என்று நினைத்தாள், கேட்கப் பயந்து விட்டுவிட்டாள்.

எது எது எவளோடு போயிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவள் குருவம்மா. "உன் சிரிப்பு மதுரைக்காரிகிட்ட இருக்கு பாரு" என்றாள். வாஸ்தவம்தான், மதுரைக்காரி சிரித்தால் தெருமுனை டீக்கடையில் கிளாசு நடுங்கும், அப்படிச் சிரித்தவள்தான் முன்னே உலகம்மாள். கைப்பக்குவம் நெல்லைக்காரிக்குப் போயிருந்தது, வெறும் பருப்பை அவள் கடைந்தாலும் சஷ்டிகா விரலைச் சூப்பும். தூக்கம் சிவகாசிக்காரிக்கு. அவள் சாய்ந்தால் பிள்ளையும் கூடவே மடியில் சாய்ந்து தூங்கிப்போகும். திருச்சிக்காரி என்ன எடுத்துக்கொண்டு போனாள் என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. பேச்சு கம்மி, ஒரு மூலையில் உட்கார்ந்து குச்சி அடுக்குவாள், போவாள், வருவாள்.

அவள் செத்துப்போன அன்றைக்குத்தான் அது தெரிந்தது.

நல்ல மத்தியானம். தீப்பெட்டி ஆபீசில் சட்டத்தில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தி, "யாரு லைட்டை அமத்துனது?" என்று கேட்டாள். வெயில் சன்னல் வழியாக அவள் மடியிலேயே விழுந்துகொண்டிருந்தது. "லைட்டே போடலையேக்கா" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அதற்குள் இவள் விரல் ஓரம் வெளுத்து, வெளுப்பு முழங்கைக்கு ஏறி, உட்கார்ந்தபடியே உப்புப் பூத்துக் காய்ந்துபோனாள். தூக்கினால் பாத்திரம் தேய்க்கிற பீர்க்கங்கூடு மாதிரி கனமில்லை. சீனிராஜ் திருச்சிக்குப் போன் போட்டான். பெரியவர் வெளிநாட்டில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போயிருந்தார், வீட்டைப் பார்த்துக்கொண்டவர் கரண்டு பில் எகிறுகிறதே என்று மெயினை அமத்திவிட்டார்.

கேதத்துக்கு வந்தவர்களுக்கு யாரிடம் போய்த் துக்கம் விசாரிப்பது என்று தெரியவில்லை. செத்தவளும் உலகம்மா, அழுகிறவர்களும் உலகம்மா, காப்பி ஊற்றிக் கொடுக்கிறவளும் உலகம்மா. தீட்டு எத்தனை நாள் என்று பூசாரியைக் கேட்டார்கள். அவர், "ஆளு இருக்கும்போது தீட்டு எப்படி வரும், ஆளு போனப்புறம் தீட்டு எப்படி வராம இருக்கும்?" என்று அவர்களையே திருப்பிக் கேட்டுவிட்டு, தலைமுழுகிவிட்டுக் கோயிலுக்குள் வாங்க என்று அனுப்பினார்.

மறுநாள் காலையில் நேற்றுவரை அதட்டி விரட்டிய தெருமுனை நாயைத் தாண்டி ஒருத்தியாலும் போக முடியவில்லை. மதுரைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நெல்லைக்காரி அடுப்பில் தீ எழும்பினதும் பின்னால் நகர்ந்தாள். சிவகாசிக்காரி தூக்கத்தில் கையால் பிள்ளையைத் தேடினாள். குருவம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெற்றிலையைத் துப்பினாள். "திருச்சிக்காரி கொண்டுபோனது தைரியம்டி. மூலையில உக்காந்துக்கிட்டு உங்க அஞ்சு பேருக்கும் சேத்து அவதான் துணிஞ்சு இருந்திருக்கா."

சிரிப்பு ஒருத்தியிடம், பக்குவம் ஒருத்தியிடம், தூக்கம் ஒருத்தியிடம். தைரியம் மண்ணுக்குள். அப்படியென்றால் தாய்க்கல்லோடு தன்னிடம் நின்றுபோனது என்ன என்று உலகம்மாள் யோசித்தாள், அந்த யோசனையே பதிலாக, பயமாக அவள் முதுகுத்தண்டில் ஏறியது.

சீனிராஜ் மூன்று ஊருக்கும் போன் போட்டுக் கெஞ்சினான். லைட்டை அமத்தாதீங்க, அதுல பிளேடு வைக்காதீங்க, யாருக்கும் வெட்டிக் குடுக்காதீங்க. நகைக்கடைக்காரர் வீட்டம்மா, "சாமி படத்துக்குப் பக்கத்துலதான் வச்சிருக்கோம்" என்று சொன்னார்கள். பிழைப்பு என்னவோ நன்றாகத்தான் நடந்தது. அந்த மத்தியானத்துக்கு முன்னே உறை மாட்டி வெட்டி வளர்த்தவை சாதாரணத் துண்டுகளாக ஊர் ஊராகப் போயின. ஆனாலும் சேதி பரவிவிட்டதால் விசித்திரமான போன்களும் வந்தன. யாரோ ஒருத்தர் தழுதழுத்த குரலில், "என் சம்சாரம் போன ஐப்பசியில தவறிட்டாங்க. அவங்க சீப்புல முடி இருக்கு. அதை வச்சு ஏதாவது முடியுமா?" என்று கேட்டார்.

உலகம்மாள் அதற்கப்புறம் பின்னறையை விட்டு நகரவில்லை. திருச்சிக்காரி உயிர் யாரோ ஒருத்தர் வீட்டு மெயின் சுவிட்சில் இருந்தது என்றால், தன் உயிர் இந்தத் தாய்க்கல்லில் இருக்கிறது. சூடு பார்க்கிற கருவியை நிமிசத்துக்கு ஒரு தரம் பார்த்தாள், மோட்டார் சத்தம் மாறினால் நெஞ்சைப் பிடித்தாள், சோற்றுத் தட்டை அங்கேயே வாங்கிச் சாப்பிட்டாள். சஷ்டிகாவுக்குத் தலைபின்னிவிட சிவகாசிக்காரி, பள்ளிக்கூடத்தில் விட்டுவர மதுரைக்காரி, சோறு ஊட்ட நெல்லைக்காரி. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்கும். ஒருத்தி குறைந்தால் இவர்களுக்கு வித்தியாசமே தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது, தான் போகட்டும் என்று காத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றும்.

அவள் ஒரு நாள் சீனிராஜிடம் கேட்டாள்.

"இந்தா பாருங்க, இதுகளைப் பக்கம் பக்கமா வச்சா சண்டை போடுமா?"

"வேற வேற சாதின்னா போடும். லைட்டை அமத்துன பிறகு நூல் மாதிரி ஒண்ணை நீட்டிப் பக்கத்துல இருக்கிறதைப் பொசுக்கிடும். ஒரே தாய்ல வெட்டினதுன்னா போடாது."

"போடாம?"

"ஒட்டிக்கிடும். ஒண்ணோட ஒண்ணு சேந்து வளந்து ஒரே விரிப்பா ஆயிடும். அப்புறம் எது எங்க முடிஞ்சது, எது எங்க ஆரம்பிச்சதுன்னு நம்மளால சொல்ல முடியாது."

பொசுக்குவதற்குப் பயப்படுவதா ஒட்டிக்கொள்வதற்குப் பயப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் பயந்தாள்.

கத்திரி வெயில் வந்தது. ஒரு மத்தியானம் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்து, புகை எழும்பி, ஊரே அடங்கிப்போனது. இன்வெர்ட்டர் மறுநாள் காலைவரை தம் பிடித்து, ஒரு தரம் கூவிவிட்டு அதுவும் நின்றது. சீனிராஜ் வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்துவரக் கோயில்பட்டிக்கு ஓடினான். ஓடு காய்ந்து அறை அடுப்பானது. தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாகி, பிறகு கைபொறுக்கிற சூடானது. பொத்தான்கள் சுருங்கி ஓரம் வெளுக்கத் தொடங்கின. உலகம்மாள் பனைவிசிறியால் தண்ணீரை வீசி வீசிக் கை ஓய்ந்தபோது, தன் நகக்கண்ணைப் பார்த்தாள். அங்கேயும் வெளுத்திருந்தது.

அப்போது தெருவில் காலடிச் சத்தம் கேட்டது, ஒரே நடை, மூன்று பேருடையது. சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். மதுரைக்காரி, நெல்லைக்காரி, சிவகாசிக்காரி, மூன்று பேரும் தலையில் சாக்குச் சுமையோடு, சொட்டச் சொட்ட, வாயை இறுக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். தான் வலியில் ஓடினால் முகம் எப்படிக் கோணும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எழுந்து போய்ப் பின்னறைக் கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டினாள்.

"கதவைத் திற" என்றாள் மதுரைக்காரி. "சோடாக் கம்பெனியில ஐஸ் வாங்கிட்டு வந்திருக்கோம். பாத்தியா, கரையுது."

"வச்சிட்டுப் போங்க."

"இங்க வச்சா வெக்கை குடிச்சிரும். திற, நாலு பேரா மாத்தி மாத்தி வீசுனா தண்ணி குளுந்துரும்."

"எதுக்கு இப்படி ஓடி வந்தீங்க? எனக்கு முடியலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்களுக்குத் தெரியாம யாருக்குடி தெரியும்?" என்றாள் நெல்லைக்காரி. "காலையில இருந்து எனக்குக் கையி எரியுது."

அந்தச் சொல்லே போதுமானதாக இருந்தது உலகம்மாளுக்கு. ஒட்டிக்கொள்ள வந்துவிட்டார்கள் என்று நினைத்தாள். கதவைத் திறந்தால் நாலு பேரும் ஒரே விரிப்பாகிவிடுவோம், எது தான் என்று தனக்கே தெரியாமல் போய்விடும், இல்லையென்றால் இருட்டில் நூலை நீட்டிப் பொசுக்கிவிடுவார்கள், பிள்ளை அவர்களோடு போய்விடும். தன்னால்தான் அந்த இடத்தில் அப்படி நினைத்திருக்க முடியும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. சிரிப்பு இருந்திருந்தால் சிரித்திருப்பாள், தைரியம் இருந்திருந்தால் திறந்திருப்பாள். இருந்ததை வைத்துத்தானே எதையும் செய்ய முடியும். முதுகைக் கதவில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்துகொண்டாள்.

ஐஸ் கரைந்து கதவிடுக்கு வழியாக உள்ளே ஓடி வந்து அவள் சேலையை நனைத்தது. குளிர்ந்த தண்ணீர். அதைக் கையால் அள்ளித் தொட்டியில் விட நினைத்தாள், நல்ல தண்ணீர் பட்டாலும் பவளம் செத்துப்போகும் என்று கையை இழுத்துக்கொண்டாள்.

தெரு கூடிவிட்டது. குருவம்மா கதவைத் தட்டினாள், பூசாரி தட்டினார். பிறகு எல்லாரும் விலகி வழிவிட, சின்னக் கையால் தட்டுகிற சத்தம் கேட்டது.

"தொட்டியம்மா" என்றது சஷ்டிகாவின் குரல். "தொட்டியம்மா, கதவைத் திற."

உலகம்மாள் கொண்டிவரை கையைத் தூக்கினாள். பிள்ளை இன்னொரு தரம் கூப்பிடும், வேறு மாதிரி கூப்பிடும் என்று கையைத் தூக்கியபடியே காத்திருந்தாள். பிள்ளைக்குத் தெரிந்த பேர் அதுதான். அது திரும்பத் திரும்ப அதையே சொல்லிக் கூப்பிட்டது.

சீனிராஜ் ஜெனரேட்டரோடு வந்து கடப்பாரையால் நெம்பினபோது கொண்டி நிலையோடு பிய்த்துக்கொண்டு தெறித்தது. கதவு சுளுவாகத் திறந்தது, பின்னால் சாய்ந்திருந்தவளுக்குக் கனமில்லை. தொட்டிக்குள் கல் எலும்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. சஷ்டிகா அழவில்லை. ஒரு கை மட்டும் கொண்டிக்கு நேராகத் தூக்கினபடி இருந்ததை அது பார்த்துக்கொண்டே நின்றது.

சடங்கு முடிந்து எல்லாரும் கலைந்தபிறகு மதுரைக்காரிதான் பேச்சை எடுத்தாள். "மதுரையில இருக்கிற என்னுதுல இருந்து ஒரு துண்டு எடுத்துட்டு வாரேன்."

சீனிராஜ் தலையைக் குனிந்துகொண்டு, "வெட்டினா உனக்கு என்ன ஆகும்னு தெரியாது" என்றான்.

"தெரியாதுதான்" என்றாள் அவள், சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. பஸ் ஏறிப் போனாள்.

திரும்பி வந்தபோது மடியில் தண்ணீர்க் கவரும், அதற்குள் நாலு பொத்தானும் இருந்தன. அவள் இடது கைச் சுண்டுவிரல் இல்லை. காயம் இல்லை, தழும்பு இல்லை, பிறந்ததிலிருந்து அங்கே விரலே இல்லாதது போல வழுவழுவென்று இருந்தது. "வலிச்சதா?" என்று கேட்ட குருவம்மாவிடம், "வெட்டும்போது இல்ல மதினி, பஸ்ஸுல வரும்போது" என்றாள். புதுத் தண்ணீர் ஊற்றி, புது லைட் மாட்டி, துண்டைத் தொட்டியில் வைத்தார்கள். மூன்று பேரும் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். தெரு தன் பாட்டுக்குத் தண்ணீர் பிடித்தது, குச்சி அடுக்கியது, யாராவது எட்டிப் பார்த்து, "வளந்திருக்கா?" என்று அடைக் கோழியைக் கேட்பது போலக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆடிக்காற்று அடித்த ஒரு பகலில் அவள் பின்னறையில் இருந்து வெளியே வந்தாள். மாம்பழக் கலர் சேலை, ஈரத்தலை, காது மடலில் உப்பு. வெட்டுப்பட்ட விரலைச் சூப்பிக்கொண்டே வந்தாள். அவளுக்கு அது இன்னும் அந்த மத்தியானம்தான். காய்ச்சல் தெரியாது, பஸ்ஸில் வந்தவர்களைத் தெரியாது, கத்திரி வெயில் தெரியாது.

"ஆத்தாடி, செத்த நேரம் கண்ணசந்துட்டேன் போல" என்றாள். "உங்கப்பா தண்ணி கேன் எடுத்துட்டு வந்துட்டாரா?"

நடுவீட்டில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த சஷ்டிகா பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அடுப்படியில் நெல்லைக்காரியின் மத்து நின்றது. வாசலில் மதுரைக்காரி குடத்தை இறக்காமல் அப்படியே நின்றாள். பிள்ளை எந்த ஊரும் சொல்லவில்லை.

"வரலம்மா" என்றாள்.

"சரி, வந்தா சொல்லு. கதவைச் சாத்திட்டு வெட்டுற வேலையை முடிச்சிருறேன், நிழல் பட்டா இதுக மூடிக்கிடும்." திரும்பினவள் கதவைத் தடவிப் பார்த்தாள். "ஏட்டி, கொண்டி எங்க? யாரு பிய்ச்சது இதை? அப்பா வந்தா புதுசு ஒண்ணு அடிக்கச் சொல்லணும்."

"வேண்டாம்மா."

"கொண்டி இல்லாம கதவு எப்படி நிக்கும்?"

"நிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சஷ்டிகா நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வந்து அந்த நிலைப்படியில் உட்கார்ந்தாள். கதவு வந்து சாத்துகிற இடத்தில் இரண்டு காலையும் நீட்டிவைத்துக்கொண்டு, குனிந்து எழுத ஆரம்பித்தாள்.